சோலைப் பறவைகளை மலைவாரியாகக் காக்க வேண்டும்

அருகிவரும் பறவையைக் காப்பது என்றால் அதன் தலைகளை எண்ணுவது என்றே நம் திட்டங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. எண்ணிக்கை கூடினால் வெற்றி, குறைந்தால் கவலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக் காடுகளுக்கு இந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். சுமார் 1,400 மீட்டருக்கு மேல், புல்வெளிகளுக்கு நடுவே மலை மடிப்புகளில் ஒதுங்கிக் கிடக்கும் இந்தக் காடுகளின் பறவைகளில் சில, வெப்பமான அடிவாரத்தில் இறங்கி அடுத்த மலைக்குப் போவதில்லை. நீலகிரியில் அவை நன்றாக இருப்பது பழனி மலைக்கு ஆறுதல் ஆகாது. எனவே மலையையே அலகாகக் கொண்டு அவற்றைக் காக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கான சான்று மரபணுவில் இருக்கிறது. சோலைக்கிளியை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் அப்படி, கிளிக்கும் அதற்கும் உறவில்லை. இருண்ட சோலையின் தரையோரம் பூச்சி பொறுக்கும் சிறு நீலப் பறவை அது. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இப்பறவையின் பரம்பரையை மிகப் பழங்காலத்திலேயே பிரித்துவிட்டதைக் காட்டியது. 2017இல் இதே ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து சோலைக்கிளிகளைத் தனிப் பேரினமாக்கினார்கள்; அகத்தியமலையில் வாழ்வது புதிய இனம் என்றும் அறிவித்தார்கள். சோலைச் சிரிப்பான் என்னும் பறவைகளும் அப்படியே தனிப் பேரினமாகி, வடக்கிலிருந்து தெற்குவரை நான்கு இனங்களாக நிற்கின்றன. இதைவிட உறுத்துவது 2015இல் வந்த ஆய்வு. ஒரே மலைத்தொகுதிக்குள்ளேயே, மனிதர் காட்டைத் துண்டாக்கியதன் தடம் இவ்விரு வகைப் பறவைகளின் மரபணுவிலும் பதிந்திருக்கிறது. கணவாய் இயற்கை போட்ட எல்லை. தேயிலைத் தோட்டம் போட்ட எல்லைக்கு நாம்தான் பொறுப்பு.

ஒரே பறவையை நாலாக வெட்டிப் பெயர் சூட்டுவது வகைபாட்டியலாளரின் ஆர்வக்கோளாறு என்று சிலர் சொல்லக்கூடும். பெயரை விட்டுவிடுவோம், நான்கு என்பதை ஒன்று என்றே அழைத்தாலும், ஒரு மலையில் அழிந்த பரம்பரையை இன்னொரு மலை ஈடு செய்யாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மரபணு வளம் வற்றினால் வேறிடத்துப் பறவைகளைக் கொண்டுவந்து விடலாமே? அமெரிக்காவின் இல்லினாயில் அது பலித்தது. அங்கே புல்வெளிக் கோழிகள் 1962இல் சுமார் 2,000 இருந்து, 1994இல் ஐம்பதுக்கும் கீழே சரிந்தன. முட்டை பொரிப்பும் குறைந்தது. 1992 முதல் மின்னசோட்டா, கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து கோழிகளைக் கொண்டுவந்து சேர்த்த பின் பொரிப்பு மீண்டது. ஆனால் அவை அண்மைக் காலம்வரை பரந்த புல்வெளியில் கலந்து வாழ்ந்த ஒரே இனம். பாலக்காட்டுக் கணவாயின் இரு கரையிலும் தொன்றுதொட்டுத் தனித்தனியே வாழ்ந்தவற்றைக் கலப்பது வேறு கதை; அது மீட்பாகாமல் இரண்டு பரம்பரைகளையும் குழப்பிவிடலாம். அண்மைக் காடழிப்பு பிரித்தவற்றை, பறவையைத் தூக்கிச் செல்லாமல் இடையில் காட்டை வளர்த்தே சேர்க்கலாம்.

சோலை என்றாலே இயல்பில் திட்டுத்திட்டானதுதானே, கூடுதல் துண்டால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வியும் நியாயமானது. இயற்கையான திட்டுகள் பள்ளத்துக்குப் பள்ளம் அருகருகே இருப்பவை. அந்த இடைவெளிகளோடு இப்பறவைகள் நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கின்றன. அண்மைத் துண்டாடலின் அடையாளமே மரபணுவில் தெரிகிறது என்றால் அந்தப் பழைய அளவை நாம் மீறிவிட்டோம் என்றுதான் அர்த்தம். அதற்காக எங்கும் மரம் நட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பழனி மலையில் 1973 முதல் 2014 வரை புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போனதற்கு நட்ட மரங்களும் ஒரு காரணம். அப்படி நட்ட சீகையையும் தைலமரத்தையும் அகற்றும் வேலை நடக்கட்டும். ஆனால் சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழும்புகின்றன. அப்படியோர் இடம் பிரிந்துபோன இரண்டு சோலைகளுக்கு நடுவில் இருந்தால் அங்கே கோடரியைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம். எது அப்படிப்பட்ட இடம் என்று தேர்ந்தெடுக்க மரபணு ஆய்வு உதவும். வனத்துறையின் செயல்திட்டத்தில் பறவைக் கணக்கெடுப்புக்கு அடுத்த பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.