மாலை ஐந்தரைக்குக் கூப்பிடுங்கள்



மன்னார்குடியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் கார்த்திகை கடைசியில் வந்தது. மகன் சென்னை கிண்டியில் ஒரு ஸ்டார்ட்டப்பில் வேலை பார்க்கிறானாம். "பக்கத்து வீட்டில் கேட்டால் பேங்க் என்றோ வாத்தியார் என்றோ சொல்லிவிடலாம். இவன் வேலையை என்னவென்று சொல்வது? ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி சாப்பிட்டேன் என்கிறான். அப்படி என்னடா செய்கிறாய் என்றால் 'பதில் சொல்றேம்மா' என்கிறான். யாருக்கு, எதற்கு என்று புரியவில்லை. நீங்களாவது விளக்கி எழுதக் கூடாதா?"

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி புதிய விதியைக் கொண்டுவந்தது. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அப்போதைய விதிப்படி 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டியிருந்தது. வாடிக்கையாளரைக் காக்க வந்த நல்ல விதிதான். ஆனால் பழைய அனுமதிகள் பல அன்றோடு செல்லாமல் போயின. நம் இதழின் இணையச் சந்தாவும் அதில் மாட்டிக்கொண்டது. "பணம் கட்டியும் இதழ் திறக்கவில்லை" என்று வாசகர்கள் எழுத எழுத, எங்களுக்குச் சந்தா மென்பொருள் தரும் சிறு நிறுவனத்துக்கு நான் ஒரு மடல் அனுப்பினேன். கடுமையான மடல். இன்று எழுதினால் அந்தச் சொற்களில் பாதியை அடித்திருப்பேன். இரவு ஒன்று பத்துக்கு ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. என் கோபத்துக்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை. எத்தனை வாசகர்களின் சந்தா நின்றிருக்கிறது, அவர்களில் யார் யார் மறுபடி அட்டையைப் பதிய வேண்டும், அதற்கு நாங்கள் அவர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று வரிசையாக இருந்தது. நாங்கள் அனுப்ப வேண்டிய கடிதத்தையும் நல்ல தமிழில் அவளே எழுதித் தந்திருந்தாள்.

அவளைப் போய்ப் பார்த்தால் மன்னார்குடி அம்மாவுக்கும் விடை கிடைக்கும் என்று தோன்றியது. சென்ற மாதம் ஒரு மாலை, அவள் அலுவலகம் இருக்கும் கிண்டியில் இறங்கினேன்.

மெட்ரோவும் மின்சார ரயிலும் சேரும் அந்த இடத்தில் ஆறரை மணிக்கு நிற்க இடம் இருக்காது. கூட்டத்தில் பாதி வீட்டுக்குத் திரும்புகிறது, பாதி வேலைக்கு வருகிறது. நூறடிச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நம் நினைவில் கிண்டி. நான் போனது அங்கே இல்லை, தொழிற்பேட்டைக்குள். கீழே லேத் பட்டறை. மாடியில் தகரக் கைப்பிடி போட்ட படியேறினால் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஓர் அறை. கீழிருந்து கூலன்ட் எண்ணெய் வாசம் மாடி வரை வரும்.

இந்தப் பேட்டை 1958-இல் காமராஜர் முதலமைச்சராகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது உருவானது. கையில் தொழில் இருந்தும் கட்டடம் கட்டக் காசில்லாதவனுக்கு அரசே கூரையும் மின்சாரமும் சாலையும் தந்து 'தொடங்கு' என்று சொன்ன இடம். இன்று ஸ்டார்ட்டப்புகளுக்காகப் பேசப்படும் எல்லாமே அன்றைக்கு இங்கே வேறு பெயரில் நடந்திருக்கிறது. பேட்டைக்குத் திரு.வி.க. பெயர் இருப்பதும் எனக்குப் பிடித்த விஷயம். 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களின் ஆசிரியர் அவர். 1918-இல் பி.பி.வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவர். பஞ்சாலைத் தொழிலாளர்கள் அன்று சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. இரவு இரண்டு மணி இட்லியைப் பற்றிக் கடிதம் எழுதும் தாயாரின் கவலையை அவர் இதழில் அச்சிட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

கீழ்த்தளப் பட்டறைக்காரர் என்னைப் படியேறவிடாமல் பிடித்து உட்காரவைத்துவிட்டார். முப்பது வருடமாக ஜாப் ஒர்க் செய்கிறவர். "மேல இருக்கிற பசங்களுக்கும் எனக்கும் ஒரே வியாதி சார், பில் போட்டா பணம் வராது" என்றார். சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வழக்குப் போட ஒரு மன்றமும் இருக்கிறது. "சட்டம் தெரியும் சார். கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் யார் தருவா?" அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வரை செலவுக் கணக்கில் காட்டி வரி குறைக்க முடியாது என்று வருமான வரிச் சட்டம் இறுக்கியிருக்கிறது. பாக்கி வைப்பவருக்கே வலிக்கிற மாதிரி வைத்திருக்கும் இந்த விதியை நான் வரவேற்கிறேன்.

மாடியில் இதே கணக்குக்கு 'ரன்வே' என்று பெயர். கையிருப்பில் இன்னும் எத்தனை மாதம் சம்பளம் போடலாம் என்பது. நான் போன அன்று அந்த எண் ஏழு. சுவரில் எங்கும் எழுதியில்லை, ஆனால் அறையில் எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில். அங்கே ஒருவரின் அட்டை காலாவதியாகிவிட்டால் இங்கே ஒரு மாத வரவு நின்றுபோகும். அதைக் கவனித்து, அவரைக் கோபப்படுத்தாமல் நினைவூட்டி, புது அட்டையைப் பதிய வைப்பது ஒரு முழு நேர வேலை. அதுவும் 'பதில் சொல்லும்' வேலைதான்.

எனக்கு எழுதிய பெண் இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர். பழைய மடலை நினைவூட்டி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஞாபகமே இல்ல சார், அன்னிக்கு மட்டும் நூத்திப் பத்து டிக்கெட்" என்றாள். வாடிக்கையாளரின் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் விழும், அதுதான் டிக்கெட். கேள்வி தீர்ந்தால் டிக்கெட் மூடப்படும். ஒரு நாளில் எத்தனை மூடினாய் என்பதை வைத்துத்தான் ஒருவரின் உழைப்பு அளக்கப்படுகிறது.

இந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை. அவளும்தான். அவள் சொன்ன காரணம் எனக்கு முழுக்கப் புதிது. "'பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு வர்றதை ரெண்டு நிமிஷத்துல மூடலாம் சார். ஒருத்தர் ரொம்ப மரியாதையா, 'சின்ன சந்தேகம்'னு எழுதுவார். தோண்டிப் பார்த்தா எல்லாரோட கணக்குலயும் அந்தத் தப்பு இருக்கும். அதை முடிக்க மூணு நாள் ஆகும். அந்த மூணு நாளும் நான் வேலையே செய்யாத மாதிரி கணக்குல இருக்கும்." நிரல் எழுதுகிறவர்கள் பிழையைத் திருத்தினால் பாராட்டு. பிழை இருக்கிறது என்று முதலில் கண்டு, அதை அவர்களுக்குப் புரிகிற விதமாக எழுதி, மறுபக்கம் வாடிக்கையாளரையும் அமைதியாக வைத்திருந்தவரின் பெயர் எங்கும் வராது.

இந்த வேலைக்கு மதிப்பு உண்டென்று நம்பி எழுந்த நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் அனுப்பிய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. காப்பீட்டுத் தொகைக்கு மாதக்கணக்கில் அலைந்தார். பதிலில்லை. ஊர் திரும்பும் இந்தியர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நடந்ததை எழுதினார். உடனே மன்னிப்பும் பணமும் வந்தன. தனி ஆளின் புகாருக்கு இல்லாத கனம் பலர் கூடும் இடத்தில் சொன்னதும் வந்துவிட்டது அவர் மனதில் தங்கியது. 2010-இல், வாடிக்கையாளர் உதவி மென்பொருள் ஒன்று விலையை ஏற்றியதற்காகப் பயனர்கள் கொதித்துக்கொண்டிருந்ததையும் இணைய விவாதம் ஒன்றில் படித்தார். அந்த ஆண்டே, தான் வேலை பார்த்த ஸோஹோ நிறுவனத்தை விட்டு வந்து, ஷான் கிருஷ்ணசாமியோடு சென்னையில் அதே வகை மென்பொருள் தரும் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. கோடீஸ்வரர்களான ஊழியர்களைப் பற்றித்தான் அன்று பத்திரிகைகள் எழுதின. பதிலில்லாத ஒரு புகார் தொடங்கிவைத்த கதை இது என்பதை நாமும் அன்று சொல்லத் தவறினோம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று அவளைக் கேட்டேன். தூங்குவேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "விக்கி" என்றாள். தமிழ் விக்கிப்பீடியாவில் எட்டு வருடமாக எழுதுகிறாள்.

நான் அங்கே நின்றுபோனேன். அவள் வேலைக்கும் விக்கிக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு குறைவு! 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப வருடங்களில் தூக்கி நிறுத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரரான இ.மயூரநாதன். கட்டடக் கலைஞர். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். அதன் பத்தாண்டு விழா 2013 செப்டம்பரில் நடந்ததும் இதே கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில்தான். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. அதற்கும் முன்பே, 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு.கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஆளுக்கோர் எழுத்துரு இருந்த காலத்தில், ஒருவர் தட்டச்சு செய்ய இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க, பழந்தமிழ் நூல்கள் இணையத்துக்கு வந்தன. நம் அலுவலகத்தில் இன்றைக்கும் ஒரு பாடலைச் சரிபார்க்க அங்கேதான் போகிறோம். மெய்ப்புப் பார்த்தவர்களை நான் ஒரு முறையாவது நன்றியோடு நினைத்திருக்க வேண்டும்.

விக்கியில் எழுதுவது கஷ்டமில்லை என்கிறாள் அவள். கஷ்டம் மனிதர்கள். யாரோ ஒருவர் ஆசையாகத் தன் தாத்தாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். ஊரில் பள்ளிக்கூடம் கட்டிய பெரியவர். அச்சில் எங்கும் சான்று இருக்காது. சான்றில்லாமல் வைத்திருக்க முடியாது, நீக்க வேண்டும். நீக்க ஒரு சொடுக்குப் போதும். ஏன் நீக்கினோம் என்று பேச்சுப் பக்கத்தில் எழுத ஒரு மணி நேரம். 'எங்கள் தாத்தாவைப் பொய்யர் என்கிறீர்களா?' என்று அவர் கேட்பார். அவர் வருத்தம் நியாயமானது. விதியும் நியாயமானது. "அந்த வரியை எப்படி எழுதறோம்கிறதுலதான் சார் இருக்கு, அவர் நாளைக்கு அந்த ஊர் ஏரியைப் பத்தி எழுத வருவாரா, இல்ல ஒரேயடியா போயிடுவாரா." தீராத வழக்கை ஆலமரத்தடிக்குக் கொண்டுபோவார்கள். தமிழ் விக்கியில் எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு அதுதான் பெயர். எத்தனை பொருத்தமான பெயர்!

அங்கே அவள் கவலைப்பட்டது புதியவர்களைப் பற்றி மட்டும் அல்ல. பழையவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். யாரோடும் சண்டை இல்லை. விசமத் தொகுப்புகளைத் துடைத்துத் துடைத்து, ஒரே கேள்விக்கு நூறாவது தடவை பொறுமையாகப் பதில் சொல்லி, ஒரு நாள் வராமல் போய்விடுவார்கள். அவர்கள் போனது மூன்று மாதம் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இந்த வேலையின் அருமையை அவள் முதலில் அறிந்தது வேறோர் இடத்தில். சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாறு கரை மீறி, சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடியது. அந்த நாட்களில் மின்சாரம் இருந்த வீடுகளிலும் வெளியூர்களிலும் உட்கார்ந்து இளைஞர்கள் பொது விரிதாள்களில் உதவிக் கோரிக்கைகளைச் சேர்த்தார்கள்; தண்ணீர் நிற்கும் தெருக்களை இணைய வரைபடத்தில் குறித்தார்கள். அதில் மிகக் கடினமான வேலை, பழைய கோரிக்கைகளை நிறுத்துவதாக இருந்தது. 'இந்த முகவரியில் முதியவர் இருவர் சிக்கியிருக்கிறார்கள்' என்ற செய்தி, அவர்கள் மீட்கப்பட்ட பிறகும் நாள்கணக்கில் சுற்றும். படகு அங்கே போனால் இன்னொரு வீடு காத்திருக்கும். ஆகவே யாராவது ஒவ்வொரு எண்ணாக அழைத்து, 'வந்துவிட்டார்களா? பத்திரமாக இருக்கிறீர்களா?' என்று கேட்டு, அந்த வரியை முடித்துவைக்க வேண்டும். அவள் அன்று கல்லூரி மாணவி. மூன்று நாள் அதை மட்டும் செய்திருக்கிறாள். டிக்கெட் மூடுவது என்றால் என்ன என்பதை அங்கேதான் கற்றேன் என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஏழு இருபது ஆகிவிட்டது. அறையில் ஒரு மாற்றம். காதுகளில் ஹெட்செட் ஏறியது. ஒருவர் ஓடிப்போய்க் கீழ்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்தார். பட்டறையில் கடைசி லேத் நின்று, ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. "நியூயார்க்ல ஒம்பது மணி ஆகப் போகுது சார்" என்று அவள் எழுந்தாள். நான் விடைபெற்றேன்.

மன்னார்குடி அம்மாவுக்கு: உங்கள் மகன் எங்கே வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த அறையில் இருப்பவராகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டால், 'முகம் தெரியாதவர்களின் குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறான்' என்று சொல்லுங்கள், மிகையில்லை. இரவு இரண்டு மணிச் சாப்பாடு நானும் ஒப்பாத விஷயம். இப்படி வேலை வாங்குகிற நிறுவனங்கள் வாரத்தில் சில நாளாவது முறை மாற்றி ஆட்களைத் தூங்க விட வேண்டும், சாப்பிட நேரம் ஒதுக்க வேண்டும். ஒன்பது பேர் உள்ள இடத்திலும் இது முடியும். நான் போன இடத்தில் அவள் சண்டை போட்டு அதைக் கொண்டுவந்திருக்கிறாள். உங்கள் மகனிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பதில்லை, எடுத்தாலும் 'அப்புறம் பேசறேன்' என்கிறான் என்று எழுதியிருந்தீர்களே. குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஏழரை. பங்குனி வாக்கில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அப்போது ஆறரை ஆகிவிடும். நீங்கள் மாலை ஐந்தரைக்குக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்