வால்பாறைச் சாலையில் பிஸ்கட் வேண்டாமே!

ஆசிரியருக்கு,

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடுகள் மேய்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வால்பாறை அருகே புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலைக்கே வந்துவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் இவ்விரண்டுக்கும் வேறு காடு கிடையாது. ஆனால், சுற்றுலா வருவோர் காரை நிறுத்தி பிஸ்கட்டும் சிப்ஸும் நீட்டுகிறார்கள். மரத்தில் பழம் தேட வேண்டிய மந்தி, தீனிக்காகத் தரையிறங்கிச் சக்கரத்தில் சிக்குகிறது. சாலைக்கு மேலே மந்திகள் கடக்கப் பாலம் கட்டியும் என்ன பயன்?

ஆழியாறு சோதனைச் சாவடியிலேயே துண்டறிக்கை கொடுத்து எச்சரிக்க வேண்டும். மீறினால் வனத்துறை அங்கேயே அபராதம் விதிக்க வேண்டும். பயணிகளும் தள்ளி நின்று பைனாகுலரில் பார்த்து ரசிக்கட்டும்.

– வாசகர், பொள்ளாச்சி