அரை விழுக்காடா? அன்றாடக் கூலியா?

மழைவெள்ளம் வரப்பை உடைத்துக்கொண்டு உப்பளத்தில் புகுந்தால் நட்டம் எவ்வளவு? மரக்காணம் கடற்கரையில் பாத்தி மிதிக்கும் பாட்டாளியைக் கேளுங்கள். புகுந்த நீரை அளந்து அவர் கணக்குச் சொல்லமாட்டார். கரைந்த உப்பைச் சொல்வார். களத்தை மீண்டும் மிதித்து இறுக்கும் நாட்களைச் சொல்வார். உவர்நீர் மறுபடி முற்றும்வரை உலையேறாத வீட்டைச் சொல்வார்.

கணிப்பொறி வலைக்குள் களவாணிகள் புகும்போதும் இப்படித்தான் கணக்கிட வேண்டும். கணக்கிடுகிறார்களா?

2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் வலைக்குள் புகுந்தோர், 'ஸ்விஃப்ட்' எனும் பன்னாட்டுப் பணச்செய்தி முறை வழியே மூன்று பொய்க் கட்டளைகளை அனுப்பினர். துபாய், துருக்கி, சீனம் என மூன்று திசை. ஏறத்தாழ 20 இலட்சம் டாலர். துபாய்க்குச் சென்ற 5 இலட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. இது எண்ணிச் சொல்லக்கூடிய களவு; ஏடுகள் எழுதின, நாடு அறிந்தது.

2024 ஜூலை இறுதியில் நடந்ததோ வேறு வகை. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பம் வழங்கும் சி-எட்ஜ் நிறுவனத்தைப் பணயம் கேட்கும் கயவர் கூட்டம் தாக்கியது. தீங்கு பரவாதிருக்க, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதன் தொடர்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது. ஆகஸ்டு முதல் நாள் தொடர்பு மீண்டது. பாதிப்பு? நாட்டின் மொத்தப் பரிமாற்றத்தில் 0.5 விழுக்காடுதான் என்றனர்!

அரை விழுக்காடு! யாருடைய அரை விழுக்காடு? அந்த வங்கிகளின் வாயிலில் நிற்போர் ஆலை அதிபர்களா? சிற்றூர் உழவர், சிறுகடைக்காரர், அன்றாடக் கூலி பெறும் தொழிலாளர். ஒரே கணக்கு வைத்திருப்பவருக்கு அது முடங்கினால், முடங்குவது அரை விழுக்காடன்று, நூறு விழுக்காடு!

திருட்டுப்போன தொகை மட்டும் இழப்பாகாது. நின்றுபோன வணிகம், தள்ளிப்போன கூலி, பழுதுபார்க்கும் செலவு, பறிபோன நம்பிக்கை - நான்கையும் கூட்டினால்தான் உண்மை தெரியும். ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பு ஆணையிட்டது. நன்று! ஆனால், நடந்ததை அறிவிப்பது ஒன்று. நலிந்தவனின் இழப்பை அளப்பது வேறொன்று.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியின் பேரவையில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கேடுகளின் நகல் வலைக்கு வெளியே பத்திரமாக உள்ளதா? தாக்குண்டால் எத்தனை மணி நேரத்தில் எழுவீர்கள்? அதுவரை ஏழையின் அவசரத் தேவைக்கு என்ன வழி?

வரப்பு உடைந்தபின் வருந்துவதைவிட, உடையுமுன் மண் அணைப்பதே உப்பளத்தார் அறிந்த அறிவு. அதை வங்கிகளும் கற்கட்டும்!