பயிற்சி என்ற பெயரில் பறிபோகும் உழைப்பு

பத்தாவது தேறிய பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா என்று தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் நம்மைக் கேட்கிறார்கள். சேருங்கள் என்பதே நமது பதில். ஆனால் படித்து முடித்த பிள்ளை யாருடைய வாசலில், என்ன உரிமையோடு நிற்கப் போகிறான் என்பதையும் கூடவே பேசியாக வேண்டும்.

தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. ஏட்டில் படித்தவன் ஆலைக்குள் சென்று கைத்திறன் பெற வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா! பயிற்சிக்குப் பின் வேலை தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றது 22ஆம் பிரிவு. 2014இல் அதைத் திருத்தினார்கள். எப்படி? வேலைக்கு எடுப்பது பற்றிய கொள்கையை ஒவ்வொரு முதலாளியும் தானே வகுத்துக்கொள்ள வேண்டுமாம்! அதே திருத்தத்தில், சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையும் போய், அபராதம் மட்டும் மிஞ்சியது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது இதுதான்.

லேத்தின் முன் நிற்கும் பையன் கடைந்த உருப்படி விலைக்குப் போகவில்லையா? நிரந்தரத் தொழிலாளி நின்ற இடத்தில் அவனை நிறுத்தி, அதே எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் ‘உதவித்தொகை’ என்று நீட்டுகிறார்கள். 2019இல் திருத்திய விதிகள் ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு வைத்த குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய். மும்பையில் வாடகைக்கே அது போதுமா?

“தொழில் கற்றுத் தருகிறோமே” என்பார்கள். எதைக் கற்றுத் தருகிறார்கள்? உற்பத்தித் தொழில்நுட்பம் என்பது வரைபடம் படிப்பது, மைக்ரோமீட்டர் பிடிப்பது, உலோகத்துக்கேற்ற வெட்டுவேகம் அறிவது. அத்துடன் ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று கணக்கிடுவது. இந்தக் கடைசிப் பாடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. உருப்படியை மாட்டவும், டூல் மாற்றவும், அளந்து பார்க்கவும், தண்ணீர் குடிக்கவும் நேரம் சேர்த்தீர்களா என்று கேட்கத் தெரிந்தவன் தலையில், ஷிப்டுக்கு இத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சுமத்த முடியாது. அதனால்தான் சி.என்.சி. இயந்திரத்தின் பொத்தானை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்கிறார்கள்.

1966இல் குமாஸ்தா வேலைகளைப் பறிக்க வந்தவர்கள் என்று நம்மீது பழி சுமத்தப்பட்டது. இன்று நம் பையனும் மராட்டியப் பையனும் பீகார்ப் பையனும் ஒரே இயந்திர வரிசையில், ஒரே உதவித்தொகைக்கு நிற்கிறார்கள். பகைவன் யார் என்பது இதற்கு மேலுமா விளங்கவில்லை?

பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பணம் திரட்டும் நம் சங்கங்கள், மாலை நேர வரைபட வகுப்புக்கும் மராத்தி வகுப்புக்கும் ஏன் திரட்டக் கூடாது? சட்டத்தில் இருப்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு பழகுநருக்கும் உண்டு (பிரிவு 14), ஆலோசகர் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கக் கூடாது (பிரிவு 15), வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு (பிரிவு 16).

இவை போதா. உற்பத்தி செய்பவனுக்கு உற்பத்தியாளனின் கூலி வேண்டும்; பயிற்சி முடித்தவனுக்கு வேலையில் முன்னுரிமை வேண்டும்; பழகுநருக்குச் சங்கத்தில் இடம் வேண்டும். கற்போம், முழுமையாகக் கற்போம். கற்ற கைக்கு உரிய விலையைக் கேட்டுப் பெறுவோம்!