கூரை தோட்டத்துக்குச் சொந்தமாம், வானமுமா?

இராகலைப் பகுதியில் ஒரு தோட்டம். பெயர் இப்போது வேண்டாம். அங்கே லயத்துச் சுவர்களில் தொழிலாளர் பொருத்தியிருந்த தொலைக்காட்சித் தட்டுகளை ஒரு வாரத்துக்குள் கழற்றிவிட வேண்டுமென்று நிர்வாகம் வாய்மொழியாகக் கட்டளையிட்டது. ஏனென்று கேட்ட தொழிலாளிக்குக் கிடைத்த விடை ஒரே வரி: "சுவரும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம்."

சொந்தமாம்! மாரிக் காலத்தில் அதே கூரை ஒழுகியபோது இந்தச் சொந்தக்காரர் எங்கே போயிருந்தார்? தகரம் மாற்றித் தருமாறு தொழிலாளர் மனுக்கொடுத்து நடந்தபோது இந்தச் சொந்தம் எந்த அலுமாரியில் பூட்டிக் கிடந்தது? ஒழுகும் கூரை தொழிலாளியுடையது. தட்டுப் பொருத்திய கூரை தோட்டத்துடையது. இதுவன்றோ தோட்டத்துச் சட்டம்!

துரையின் தடை ஒன்று. அதற்கு அடுத்தபடியாக நிற்பது தரகரின் பை. திறந்த வானிலிருந்து எவரும் காசின்றிப் பெறத்தக்க அலைவரிசைகளுக்குத் தட்டுப் பூட்டிவிட்டு, மாதச் சந்தா என்று பணம் பறிப்போரை நாம் கண்டிருக்கிறோம். காற்றில் தட்டு ஒரு விரற்கடை அசைந்து படம் மறைந்தால், அதைத் திருப்பி வைப்பதற்கு ஒரு நாட்கூலி வாங்குவோரையும் கண்டிருக்கிறோம். துரை உரிமையை மறுக்கிறார். தரகர் அறிவை மறைக்கிறார். இரண்டையும் உடைப்பதற்கே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். செயற்கைக்கோள் ஒளிபரப்பு இருவகைப்படும். பூட்டிய ஒளிபரப்பு ஒன்று. சந்தா கட்டி, அட்டை வாங்கியவனே அதைக் காணலாம். அதைக் கள்ள வழியில் திறக்குமாறு நாம் எவருக்கும் சொல்லவில்லை. கள்ள அட்டை விற்போருக்காக வாதாடவும் நாம் வரவில்லை. மற்றது திறந்த ஒளிபரப்பு. அனுப்புபவனே இலவசமாக அனுப்புகிறான். பெறுபவனுக்கு வேண்டுவது கருவி ஒன்றே. இந்தியாவின் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய இலவசச் சேவை இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் என்னும் பெயரில் நடைபெறுகிறது. 93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து அது பொழிகிறது. 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் எனப் பெயர் மாறிய பழைய பொதிகை அலைவரிசையும் அதில் உண்டு. அந்தக் கற்றை இந்தியாவைக் குறித்தே விடப்படுகிறது. ஆயினும் பாக்கு நீரிணையின் மேல் வானத்தில் வேலி போட்டவர் எவருமில்லை.

வீட்டில் தட்டு வைப்பது இந்நாட்டுக்குப் புதுமையா? செயற்கைக்கோள் வழிச் செய்தித் தொடர்பு கைகூடும் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1975இல் இந்தியா, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் மூலம் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்தியபோது, இந்திய விண்வெளிப் பொறியியலாளர் கொழும்பில் அவருடைய இல்லத்திலும் ஒரு தட்டை நிறுவிக் கொடுத்தனர். அந்த இந்தியக் கிராமங்களில் நின்றவையோ கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்த தட்டுகள்! கொழும்பில் அறிஞர் வீட்டில் தட்டு ஏறினால் அது விஞ்ஞானம். இராகலையில் கொழுந்து பறிப்பவள் வீட்டில் ஏறினால் அது அத்துமீறலா?

மலைநாட்டில் தட்டு ஆடம்பரமன்று என்பதற்குப் பூமியின் அமைப்பே சாட்சி. இராகலைக்கு அண்மையில், 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சியில், ஜப்பானிய உதவியோடு 1982இல் தொடங்கிய ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. எனினும் விளக்கடியில் இருள் என்பதுபோல், மடிப்பு மடிப்பான பள்ளத்தாக்குகளில் நிலவழி அலையை மலையே மறித்துவிடுகிறது. செயற்கைக்கோளின் கற்றையோ ஏறத்தாழ தலைக்கு மேலிருந்து இறங்குவது. மேட்டுப் பங்களா, பள்ளத்து லயம் என்ற பேதம் அதற்குத் தெரியாது. இந்நாட்டில் தோட்டத் தொழிலாளிக்குத் துரைக்குச் சமமான பங்கு கிடைப்பது வானத்திலிருந்து மட்டுமே போலும்!

இனி, தரகரின் இரகசியத்தை உடைப்போம். ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் அக்கோளை நோக்க, இராகலையில் தட்டின் திசை கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 28 பாகை. அதாவது திசைகாட்டியில் 118. ஏற்றக் கோணம் 73 பாகை. கற்றை நமக்காக விடப்பட்டதன்று ஆதலால், சிறு தட்டை விட 90 சென்ரிமீற்றர் தட்டே நலம். கடும் மழையில் படம் மறைவதும் குறையும். தட்டைத் தாங்கும் குழாய் நேர்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக் குண்டு அதற்குப் போதும். குழாய் சாய்ந்தால் எல்லாக் கணக்கும் பொய்க்கும். இத்தகைய தட்டில் ஏற்பி நடுவில் நில்லாமல் கீழ்ப்புறமாக நிற்பதால், தட்டின் முகம் 48 பாகை அளவே சாய்ந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும். கண்ணை நம்பாமல், பின்புற அளவுகோலை நம்புங்கள்.

எல்.என்.பி. எனப்படும் அந்த ஏற்பியை ஏறத்தாழ 60 பாகை திருக வேண்டும் என்பதைப் பலர் அறியார். படம் வராமைக்கு இதுவே பெருங்காரணம். எப்பக்கம் திருகுவதென்று ஐயம் வந்தால், இரு பக்கமும் மெல்லத் திருகிப் பாருங்கள். பெட்டியின் திரையில் இரு கோடுகள் தோன்றும். ஒன்று வலிமை; கம்பி இணைத்தவுடனேயே அது ஏறிவிடும், அதைக் கண்டு மயங்க வேண்டாம். மற்றது தரம், சரியான கோள் அகப்பட்டாலன்றி அது எழாது. ஒருவர் தட்டை மயிரிழை மயிரிழையாக அசைக்க, மற்றவர் உள்ளிருந்து தரத்தைக் கூவிச் சொல்ல, அது உச்சத்தைத் தொட்டதும் திருகாணிகளை இறுக்குங்கள். மின்கம்பி அருகே குழாயை உயர்த்தாதீர்கள். கம்பி பூட்டும்போது மின்னை நிறுத்துங்கள். குழாயைச் செப்புக் கம்பியால் நிலத்தோடு இணையுங்கள்; இடி முழங்கத் தொடங்குமுன்பே பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றிவிடுங்கள். தரகரின் வித்தை இவ்வளவே! ஏக்கர் கணக்கில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் கைக்கும், சரிவில் வாய்க்கால் மட்டம் பார்த்துக் கரட்டும் லீக்ஸும் விளைவிக்கும் கண்ணுக்கும் இது பெரிய வித்தையா?

அடுத்து, துரையின் தடைக்கு வருவோம். கருத்துகளையும் தகவல்களையும் எல்லைகளைப் பொருட்படுத்தாது நாடவும் பெறவும் வழங்கவும் எவருக்கும் உரிமையுண்டு என்கிறது, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை. அவ்வுடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. வானலைகள் பொதுச் சொத்து என்பதை நமது உயர் நீதிமன்றமே 1997இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது எடுத்துரைத்தது. பொதுச் சொத்துக்குத் தோட்டத்துரை காவற்காரரா?

வெளிநாட்டு வழக்கொன்றும் நமக்கு விளக்காகும். சுவீடனில் வாடகை வீட்டில் வாழ்ந்த, ஈராக்கிலிருந்து சென்று குடியேறிய ஒரு தம்பதியர் தம் மொழி நிகழ்ச்சிகளுக்காகத் தட்டு வைத்தனர். வீட்டுக்காரர் அகற்றச் சொன்னார், அவர்கள் மறுத்தனர், மூன்று குழந்தைகளோடு வீட்டை இழந்தனர். 2008 டிசம்பர் 16ஆந் தேதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், தகவல் பெறும் அவர்களுடைய உரிமை மீறப்பட்டது எனத் தீர்த்தது. தம் பண்பாட்டோடும் மொழியோடும் தொடர்பு கொள்வது அக்குடும்பத்துக்கு இன்றியமையாதது என்பதை அந்நீதிமன்றம் உணர்ந்தது. அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சட்டம் பயின்றவர்களாகிய நாம் அதை மறைக்க மாட்டோம். ஆனால் நியாயத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டுமா? அங்கே அவர்கள் புதிதாகக் குடியேறியவர்கள். நாமோ 2023இல் இருநூறாண்டு நிறைவு கண்ட மக்கள்!

நிர்வாகத்தின் வாதத்தில் நியாயமான பகுதி ஒன்றுண்டு, அதை ஒப்புக்கொள்வோம். தகரத்தைத் துளைத்தால் கூரை கெடும். ஆகவே துளைக்காதீர்கள், லயத்தின் அருகே நிலத்தில் குழாயை நாட்டுங்கள். அப்போது துரை என்ன சொல்வார்? "நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம்" என்பார். ஆம், அங்கேதான் உண்மையான வழக்கு வெளிப்படுகிறது! தட்டு வெறும் சாட்டு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனையில் ஒரு குழாய் நாட்டவும் மற்றொருவனின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டிய நிலைதான் நோய். ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்குரிய உறுதியும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் வரும்வரை இந்நோய் தீராது.

"தொலைக்காட்சி பார்த்தால் வேலை கெடும்" என்று ஓதும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பங்களாவில் அது வேலையைக் கெடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. மற்றொன்றையும் நம் மக்களுக்குச் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து வருவது சென்னையின் செய்தி. இராகலையின் செய்தி அன்று. நம் சம்பளமும் நம் மரக்கறி விலையும் நம் மண்சரிவும் நம் நாட்டு ஒளிபரப்பில் நம் மொழியில் இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கையைத் தட்டு கிடைத்த மகிழ்ச்சியில் கைவிட்டுவிடலாகாது.

செய்ய வேண்டியது இதுதான். தோட்டத்துக்கு இரண்டு இளைஞர்கள் இவ்வேலையைப் பழகட்டும். அயல் லயத்துக்கும் கூலியின்றிக் கற்பிக்கட்டும். முதல் தட்டு வாசிகசாலையில் எழட்டும். அகற்றுமாறு கட்டளை வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தருமாறு கேளுங்கள். கைகலப்பு வேண்டாம், கடிதம் போதும். வாய்மொழிக் கட்டளைகளிற் பல, எழுத்தில் கேட்டவுடன் வாயடைத்துப் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

நிர்வாகத்தாருக்கு நாம் சொல்வது ஒன்றே: கூரை உங்களுடையதாயின், முதலில் அதன் ஒழுக்கை அடையுங்கள். வானமும் உங்களுடையதாயின், அதன் உறுதியைக் காட்டிவிட்டுத் தட்டில் கை வையுங்கள்!