ஹெட் மாற்றும் முன் சூட்டைத் தேடுங்கள்

ஜொகூரில் பிக்கப் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு ஓர் ஆசை. எஞ்சின் கணினியை ‘ரீமேப்’ செய்து, டர்போ அழுத்தத்தைக் கூட்டி, மேட்டில் மற்ற வண்டிகளை முந்த வேண்டும். முந்தவும் செய்கிறார்கள். சில மாதங்களில் ரேடியேட்டரில் குமிழி வருகிறது. எஞ்சின் எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறுகிறது. சிலிண்டர் ஹெட் போய்விட்டது என்கிறது பட்டறை.

கூலாயில் இருக்கும் என் தங்கை மகனுக்கும் இதுதான் நடந்தது. 2.5 லிட்டர் டீசல் பிக்கப். புல் வெட்டும் குத்தகை வேலைக்கு இயந்திரங்களை ஏற்றிப் போகும் வண்டி. அது நின்றால் அவனிடம் வேலை செய்யும் இருவருக்கும் சம்பளம் இல்லை. கூலியை மிச்சப்படுத்த வீட்டிலேயே மாற்றிவிடத் துணிந்தான். “மாமா, புது ஹெட் வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வந்து கூட நில்லுங்க” என்றான்.

“பழையது ஏன் போச்சுப்பா?” என்று கேட்டேன். பதில் இல்லை.

இங்கேதான் பலர் இரண்டு முறை செலவழிக்கிறார்கள். ஹெட் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. சூடுதான் அதைக் கெடுக்கிறது. இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஹெட் வளையும், அல்லது வால்வுகளுக்கு இடையே விரிசல் விடும். ரீமேப் செய்தால் கூடுதல் டீசல் எரியும், கூடுதல் சூடு வரும். கூடும் அழுத்தம் ஹெட்டை மேலே தள்ளி கேஸ்கெட்டையும் சோதிக்கும்.

ஆகவே ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். கூலண்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் பாதிக் குழாய்கள் துருவால் அடைத்திருந்தன. அதை அப்படியே விட்டுப் புது ஹெட் பூட்டியிருந்தால் அதுவும் சீக்கிரமே போயிருக்கும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், விசிறி ஆகிய நான்கையும் பார்க்காமல் ஹெட்டில் கை வைக்காதீர்கள்.

கழற்றுவதை வீட்டில் செய்யலாம். ஒவ்வொரு வயரையும் குழாயையும் கைப்பேசியில் படமெடுத்து, பெயர் எழுதி ஒட்டுங்கள். காமன் ரெயில் எஞ்சினில் டீசல் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகும். கார் டயரில் இருப்பதோ 2 பார் சொச்சம். எஞ்சினை அணைத்து, இரவு முழுக்க ஆறவிட்ட பிறகே அந்தக் குழாய்களைத் தொடுங்கள்.

வடித்த கூலண்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் மூடி வையுங்கள். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். சேகரிக்கும் பட்டறையிடம் கொடுங்கள். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய கழிவால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடியதை ஜொகூர்க்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடாததும் உண்டு. பழைய ஹெட்டையே மீண்டும் போடுவதானால் எஞ்சின் கடைசல் கடைக்குக் கொடுத்து, காற்றழுத்தம் ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்தி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதை நம்ப வேண்டாம். புது ஹெட்டானாலும் பிளாக்கின் மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டும். நேர்விளிம்புச் சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். தலைமுடித் தடிமன் அளவு வளைவு இருந்தாலே கவலைப்பட வேண்டும். டீசல் எஞ்சின் பலவற்றுக்கு கேஸ்கெட் பல தடிமன்களில் வரும்; பிஸ்டன் மேலெழும் உயரத்தை அளந்தே சரியானதை வாங்க வேண்டும்.

பூட்டும்போது அவசரம் கூடாது. கோண அளவில் இறுக்கும் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டவை. அவற்றை மாற்றிவிடுங்கள். டார்க் ஸ்பேனர் இல்லாமல் தொடங்காதீர்கள். நண்பர்களிடம் இரவல் வாங்கலாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கைநூல் சொல்லும் வரிசையில், சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். டைமிங் குறிகளைப் பொருத்திய பின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கிறது என்று பொருள். சாவியைத் திருப்பும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பெரிய செலவு தப்பும்.

ஞாயிறு காலை தொடங்கிய வேலை அடுத்த சனிக்கிழமைதான் முடிந்தது. ஆறு நாள் வாடகை லாரி பிடித்து அவன் வேலையைச் சமாளித்தான். ரீமேப்பையும் எடுத்துவிட்டான், நான் சொல்லவில்லை, அவனே முடிவு செய்தது.

வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். கசிவே இல்லாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே போனால், அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.