மரபுரிமையும் அறமும்

தந்தை விட்டுச்சென்ற பொருள் மக்களுக்கு உரியது என்பது உலகோர் ஏற்ற நெறி. ஆயின், அப்பொருள் தந்தைக்கு எவ்வழியில் வந்தது என்னும் வினா அவருடைய மறைவோடு மறைந்துவிடுமா? 1933 முதல் 1945 வரை நீடித்த நாஜி ஆட்சியில் யூதர்கள் இழந்த ஓவியங்கள் இவ்வினாவை இன்றும் எழுப்புகின்றன.

வீடு புகுந்து கவர்ந்தது மட்டுமே கொள்ளையன்று. நாட்டைவிட்டு வெளியேற முனைந்த யூதர்மீது கடும் வரி விதிக்கப்பட்டது. அதனைச் செலுத்தவும் உயிர் பிழைக்கவும் பலர் தம் ஓவியங்களைக் குறைந்த விலைக்கு விற்றனர். அப்பணமும் பெரும்பாலும் முடக்கப்பட்ட கணக்குகளில் சிக்கியது. அச்சத்தில் இட்ட கையொப்பத்தை மனமொப்பிய விற்பனையாகக் கொள்ளுதல் தகாது.

ஹில்டபிராண்ட் குர்லிட் நாஜி அரசுக்காகக் கலைப்பொருள் வணிகம் செய்தவர். தம் வணிக ஏடுகள் டிரெஸ்டன் குண்டுவீச்சில் அழிந்தன என்று போருக்குப்பின் அவர் கூறினார். அவர் 1956இல் மறைந்தார். அவருடைய மகன் கொர்னேலியசின் மியூனிக் குடியிருப்பில், வரி தொடர்பான விசாரணையின் பொருட்டு 2012இல் 1200க்கும் மேற்பட்ட கலைப்படைப்புகள் கைப்பற்றப்பட்டன. நேர்மையாக வாங்கியவையும் பறிக்கப்பட்டவையும் அவற்றுள் கலந்து கிடந்தன.

இழந்த பொருளைக் கோர ஜெர்மானியச் சட்டம் வகுத்த காலவரம்பு 30 ஆண்டுகள். இவ்வரம்பு காரணமற்றதன்று. எத்தனை தலைமுறை கடந்தும் வழக்குத் தொடுக்கலாம் எனின், எவருடைய உடைமையும் நிலைபெறாது. எனினும், இழந்தவர் உயிரோடு இருக்கிறார், பொருள் இருக்குமிடம் அறியத்தக்கது என்னும் எண்ணத்தின்மீதே அவ்வரம்பு நிற்கிறது. முகாம்களில் மாண்டோர் எந்த மன்றத்தை அணுகுவர்? பூட்டிய அறைக்குள் இருந்த ஓவியத்தை எவர் தேடிக் காண்பர்?

அத்தொகுப்பில் மாக்ஸ் லீபர்மன் வரைந்த, கடற்கரையில் செல்லும் இரு குதிரைவீரரின் ஓவியமும் இருந்தது. பிரெஸ்லாவ் நகர யூதத் தொழிலதிபர் ஒருவரின் இல்லத்தில் அதனைக் கண்ட உறவினர் வீட்டுச் சிறுவன், பின்னர் பெற்றோரை நாஜிகளின் கொடுமைக்குப் பலிகொடுத்தான். 2015இல் ஓவியம் உரியோரிடம் திரும்பியபோது அவர் முதியவர், பார்வையையும் இழந்திருந்தார். அவருடைய காலத்தைக் கவர்ந்தவர்களின் வழிவந்த உடைமைக்கு அக்காலமே அரணாகலாமோ?

1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி, இத்தகைய படைப்புகளுக்கு நியாயமான தீர்வு காண வேண்டும் எனும் நெறிகளை ஏற்றன. அவை சட்டமாகப் பிணைப்பவை அல்ல. ஆயினும், கொர்னேலியஸ் தம் தொகுப்பை ஆராயவும் பறிக்கப்பட்டவற்றைத் திருப்பியளிக்கவும் 2014இல் இசைந்தார். அவ்வாண்டே அவர் மறைய, அவருடைய விருப்பாவணப்படி தொகுப்பு சுவிட்சர்லாந்தின் பெர்ன் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கொள்ளைப்பொருள் என மெய்ப்பிக்கப்பட்டவற்றை ஏற்க மறுத்த அந்நிறுவனம், சான்று முழுமை பெறாவிடினும் கொள்ளைக்கான குறிகள் புலப்பட்ட சில படைப்புகளையும் பின்னர்க் கைவிட்டது.

பிறர் பின்பற்றத்தக்க வழி இதுவே. தந்தையின் செயலுக்கு மகன் குற்றவாளியாகான். ஆனால் பொருளை ஏற்பவர் அதன் வரலாற்றையும் ஏற்கவேண்டும். ஏடுகளும் ஓவியமும் வைத்திருப்பவரே அதன் வழியை ஆராய்ந்து வெளிப்படுத்துதல் முறை. எல்லாம் இழந்தோரின் வழிவந்தவரிடம் பற்றுச்சீட்டைக் கேட்பது அறமாகாது. சட்டத்தின் காலவரம்பு வழக்கை முடிக்கலாம். உடைமையாளரின் கடமையை அது முடித்துவிடாது.